காப்பு

மத்சுவே நகரத்து வக்கீல் அறையில்
அப்பாவின் வாளை இரண்டு பாகமாக்கினார்கள்.
உடைக்கவில்லை.
ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார்கள்,
அவ்வளவுதான்.

அலகு அண்ணன் ததாநோரிக்கு.
பூச்சில்லாத வெறும் மர உறைக்குள் புகுந்து
அரசாங்கப் பதிவுச் சீட்டோடு அது போயிற்று.
எனக்கு மிச்சமெல்லாம்:
பிடி, அரக்குப் பூசிய உறை, காப்பு, வளையங்கள், குமிழ்.
கலைந்துவிடாதிருக்க உள்ளே
அலகு போலவே சீவிய ஒரு மரக்கட்டை.
"இதற்குச் சீட்டு வேண்டாம்" என்றார் வக்கீல்.
இதனால் யாரும் சாகப்போவதில்லை.

கழுத்துப் பட்டையை மட்டும் கேட்டேன்,
அலகின் அடியைக் கவ்வும் செம்புத் துண்டு.
தரவில்லை. அது அலகோடு போகவேண்டியது.
கூர் உறையின் எந்தப் பக்கமும் படாமல்
இருட்டுக்குள் அந்தரத்தில் நிற்பது அதனால்தான்.
நான் பல்லுக்கு மூடி செய்கிறவள்.
ஒரு மயிரிழை இடைவெளிக்கு என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.

யோனாகோ ரயிலில் மடியில் கிடத்தியிருந்தேன்.
எதிர் இருக்கைப் பையன் கேட்டான், "நிஜ வாளா?"
"முக்கால்வாசி" என்றேன்.

இரவு, வேலை மேசை விளக்கடியில்
பல்லைப் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.

காப்பு: இரும்பு வட்டம்.
அதில் ஊடுருவ வெட்டிய இரண்டு முள்ளங்கிகள்.
(வீரத்துக்கு முள்ளங்கி! யார் கேட்டு வாங்கினாரோ.)
எதிரியின் வெட்டைத் தாங்கும் என்பான் அண்ணன்.
தாங்கலாம்.
ஆனால் குத்திய வேகத்தில் வழுக்கும் கை
தன் கூர்மேல் தானே ஏறிவிடாமல்
நிறுத்துவதுதான் அதற்கு முதல் வேலை.
காப்பு என்கிறோம்.
யாரிடமிருந்து என்று கேட்பதில்லை.

பிடியில் திருக்கைத் தோல்,
அரிசி அரிசியாய்ச் சொரசொரப்பு.
அதன்மேல் பட்டு நாடா, முறுக்கி முறுக்கிக் கட்டியது.
நாடாவுக்கடியில் பக்கத்துக்கொன்றாய் இரண்டு பொன் நண்டுகள்.
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை அவை.
அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.
விளக்கை அணைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தேன்.
உள்ளங்கைக் குழியில் ஒரு நண்டு ஏறி உட்கார்ந்து
கூர் எந்தப் பக்கம் என்று சொல்லிற்று.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.
குசகாபே யஹெய்ஜி, ஹீ ஆற்றுத் துறை, மழை,
ஏழு பேர்.
புத்தாண்டுதோறும் ஏழு. ஒருமுறை
கொஞ்சம் குடித்திருந்தபோது ஒன்பது.

காப்பின் விளிம்பை விரலால் சுற்றி வந்தேன்.
ஒரு பள்ளம் இல்லை.
உறையின் வாயில் கொம்பு விளிம்பு.
ஒரு கீறல் இல்லை.
பிடியின் முனைக் குமிழில்தான் இருந்தது தேய்மானம்:
பதித்த வெள்ளி அலைகள் ஒரு பக்கம் மட்டும்
கரைந்து, வழுவழுவென்று, அலையில்லாத ஏரியாகி.
கை ஓய்ந்திருந்த இடம்.
வாசலில் நின்று, வரிசையில் நின்று,
இந்த வருஷத்து அரிசிப் படியை
எப்போது வாசிப்பார்களோ என்று சலித்து,
கால் மாற்றிக் கால் மாற்றி
இருபது முப்பது வருஷம்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.
"ஏழு பேர் இல்லை. ஒருவர்கூட இல்லை என்று தோன்றுகிறது."
அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.
"சாமானையெல்லாம் பிற்பாடு மாற்றியிருப்பார்கள்" என்றான்.
இருக்கலாம். சட்டை மாற்றுவதுதானே.
"அலகுக்கு எண்ணெய் தடவினாயா?"
"நாளைக்கு."

திரும்பப் பூட்டும்போது ஆணியைக் காணோம்.
அலமாரிக்கடியில் எங்கோ உருண்டிருக்கும்.
ரயிலில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தின்
மூங்கில் குச்சியை ஒடித்துச் சீவினேன்.
ஒரு முனை பெருத்து, ஒரு முனை சிறுத்து.
மூன்று தடவை அளவு தப்பி, நாலாவது தடவை
சுத்தியலால் ஒரு தட்டு.
எதுவும் ஆடவில்லை.
முள்ளங்கி, நண்டு, ஏரி, பொய்க் கட்டை,
எல்லாம் ஒரே வாளாய் நின்றன.

இடுப்பில் செருகிப் பார்த்தேன், வேலை அங்கியின் மேலேயே.
கை தானாகக் குமிழுக்குப் போனது.
அப்படியே நின்றபடி
சோறு வெந்துவிட்டதா என்று
அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.